திரையைத் தட்டும் குழந்தையை எழுத்தைப் படிக்கவைப்பது எப்படி?

கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு டேப்லெட்டிலும் கணினியிலும் வாசிப்புப் பயிற்சிகள் தயாரிக்கிறீர்கள். படம், ஒலி, மதிப்பெண், நட்சத்திரம் எல்லாம் வைத்திருக்கிறீர்கள். குழந்தைகளும் ஆசையாக வந்து உட்காருகிறார்கள். ஆனால் படபடவென்று தட்டி முடித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஈர்ப்பும் குறையக் கூடாது, வாசிப்பும் நடக்க வேண்டும் என்றால் பயிற்சியை எப்படி அமைப்பது?

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் தயாரித்த பயிற்சி ஒன்றைத் திறந்து, திரையில் எழுத்து வரும் இடத்தை மட்டும் ஒரு தாளால் மறைத்துவிட்டு, ஒரு குழந்தையிடம் கொடுங்கள். அப்போதும் அது முடித்துவிடுகிறது என்றால் அங்கே வாசிப்புக்கு வேலையே இல்லை என்று பொருள். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. எந்த வழி சுருக்கமோ அந்த வழியில் போகிறது, அவ்வளவுதான். என் பதில் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்: எழுத்தைப் படித்தால்தான் அடுத்தது நடக்கும் என்கிறபடி பயிற்சி இருக்க வேண்டும். படிப்பதை முடித்தபின் விளையாட்டைப் பரிசாகத் தருவது வேறு, படிப்பதாலேயே விளையாட்டு நகர்வது வேறு. இரண்டாவதைத்தான் தேட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘குரங்கு மரத்தில் ஏறியது’ என்று ஒரு வரி. மேலே குரங்கு மரத்தில் ஏறும் படம். கீழே கேள்வி: மரத்தில் ஏறியது எது? குரங்கு, யானை, மீன் என்று மூன்று படங்கள். இதை முடிக்க ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை. மேலே உள்ள படமே விடையைச் சொல்லிவிடுகிறது. படம் இல்லாவிட்டாலும் மீனும் யானையும் மரம் ஏறாது என்று குழந்தைக்குத் தெரியும்.

இதையே மாற்றுவோம். மேலே வரி மட்டும் இருக்கட்டும். கீழே நான்கு படங்கள்: குரங்கு மரத்தில் ஏறுகிறது, குரங்கு மரத்திலிருந்து இறங்குகிறது, கரடி மரத்தில் ஏறுகிறது, குரங்கு சுவரில் ஏறுகிறது. வரிக்குப் பொருத்தமான படத்தைத் தொட வேண்டும். இப்போது மூன்று சொற்களில் எதைத் தவறவிட்டாலும் தவறான படம் அமைகிறது. எந்தப் படத்தைத் தொட்டது என்பதை வைத்தே குழந்தை எந்தச் சொல்லைப் படிக்காமல் தாண்டியது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். இதற்குக் கூடுதல் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. விடைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதற்கான பயிற்சி என்பதில் தெளிவு

ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய கருத்தை முன்வைத்தார்கள். எழுத்தை ஒலியாக்கிச் சொல்லை அடையாளம் காணும் திறன் ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. வாசித்துப் புரிந்துகொள்வது என்பது இந்த இரண்டின் பெருக்கல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். கதையைக் கேட்டால் அருமையாகப் புரிந்துகொள்ளும் குழந்தை, எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் பக்கத்தின் முன் திகைத்து நிற்கும். கடகடவென்று உரக்கப் படித்துவிட்டுப் பொருள் தெரியாமல் இருக்கும் குழந்தையும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு பயிற்சியையும் தொடங்குமுன், இது எழுத்து கூட்டுவதற்கா, பொருள் புரிவதற்கா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பயிற்சியில் திணித்தால் குழந்தை எங்கே தடுமாறியது என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

எழுத்து கூட்டும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்தை மாற்றினால் படம் மாறும் விளையாட்டு. திரையில் ‘பல்’ என்ற சொல், பக்கத்தில் பல்லின் படம். துணைக்காலை இழுத்து வந்து பகரத்தோடு சேர்த்தால் ‘பால்’, படமும் பாலாகிறது. லகர மெய்யை எடுத்துவிட்டு யகர மெய்யை வைத்தால் ‘பாய்’. ‘பா’வைக் ‘கா’வாக மாற்றினால் ‘காய்’. அங்கிருந்து ‘கால்’, துணைக்காலை நீக்கினால் ‘கல்’. ஒவ்வொரு முறையும் மாறுவது ஒரே ஓர் எழுத்து. அந்த ஒன்றில் எவ்வளவு பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது என்பதைக் குழந்தை தன் விரலால் உணர்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவே புதிய சொற்களைத் தேடத் தொடங்கிவிடும். பொருளில்லாத சொல் வந்தாலும் தடுக்காதீர்கள். ஒலியை மட்டும் ஒலிக்கவிட்டு, படம் வரும் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். ‘இப்படி ஒரு சொல் இல்லை போலிருக்கிறதே’ என்று குழந்தை தானே கண்டுபிடிப்பது நல்ல பாடம்.

பல்லி–பள்ளி, மனம்–மணம், வலி–வழி, ஏரி–ஏறி, கொடு–கோடு போன்ற இணைகளுக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் இவற்றை முதல் வாரத்திலேயே கொண்டுவர வேண்டாம். லகர, ளகர, ழகர வேறுபாடு காதில் பதிந்த பிறகுதான் கண்ணுக்குப் பயன்படும்.

தமிழ் எழுத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்ற கணக்கைப் பார்த்து மிரளத் தேவையில்லை. உயிர்மெய்களில் பெரும்பாலானவை ஓர் ஒழுங்கில் அமைகின்றன. ஆனாலும் எல்லாவற்றையும் தயக்கமின்றிப் படிக்கச் சிறிது காலம் ஆகத்தான் செய்யும். இதேபோன்ற அமைப்புள்ள கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளை முழுமையாகக் கைவசப்படுத்துவது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று காட்டியது. மூன்றாம் வகுப்புக் குழந்தை ‘ஞௌ’வைப் பார்த்துத் தயங்கினால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது கொம்புகளைப் பற்றி. ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் ஒரு பாதி முன்னால், ஒரு பாதி பின்னால். இடமிருந்து வலமாகப் போகும் குழந்தையின் கண் இங்கே ஒரு தாண்டு தாண்ட வேண்டியிருக்கிறது. அதனால் சொல்லை ஒளியூட்டிக் காட்டும்போது கொம்பையும் மெய்யையும் பிரித்துத் தனித்தனியாக ஒளிரவிடக் கூடாது. முழு எழுத்தும் ஒன்றாக ஒளிர வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பல பயிற்சிக் கருவிகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எழுத்துகளைக் கலைத்துப்போட்டுச் சொல்லை அடுக்கச் சொல்லும் கருவியில் ‘கொக்கு’ என்று கொடுத்துப் பாருங்கள். தமிழ்க் கணக்கில் கொ, க், கு என மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு குறியீட்டில் அது ஆறு துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் தெரியாத கருவி ஆறு கட்டங்களைக் காட்டும். ஒன்றில் தனிப் புள்ளி, ஒன்றில் தனிக் கொம்பு, அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு புள்ளிவட்டம். ஆறு வயதுக் குழந்தைக்கு இதைவிடக் குழப்பமான ஒன்றைக் கொடுக்க முடியாது. எந்தக் கருவியையும் வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் கொக்கு, வெள்ளம், மௌனம் ஆகிய மூன்றையும் இட்டுச் சோதித்துவிடுங்கள். தவறாக உடைந்தால் அந்தக் கருவியில் சொல்லை அடுக்கும் பயிற்சியை விட்டுவிட்டு, வரியை அடுக்கும் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

உருபுகளைப் படிக்கவைக்கும் விளையாட்டுகள்

பொருள் புரிவதற்கான பயிற்சிகளில் நம்மில் பலர் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் செல்வம் வேற்றுமை உருபுகள். ‘நாய் பூனையைத் துரத்தியது.’ ‘நாயைப் பூனை துரத்தியது.’ இரண்டு வரிகள், இரண்டு படங்கள். நாய், பூனை, துரத்தியது என்று சொற்களின் தலையை மட்டும் பார்த்துப் போகும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். யார் துரத்தினார், யார் ஓடினார் என்பதைச் சொல்வது அந்தச் சின்ன ‘ஐ’. மூன்றாவதாக ‘பூனையை நாய் துரத்தியது’ என்று ஒரு வரியைச் சேர்த்து, இது எந்தப் படத்துக்குப் போகும் என்று கேளுங்கள். சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறவில்லை என்பதைக் கண்டுகொள்ளும்போது குழந்தைகள் முகத்தில் வரும் வியப்பு உண்மையானது. படம் அசைந்தால் இன்னும் நல்லது. எந்த வரியைத் தொட்டார்களோ அந்த வரிப்படி துரத்தல் நடக்கட்டும். பூனை நாயைத் துரத்தும்போது எழும் சிரிப்பு, வரியைச் சரியாகப் படித்ததால் கிடைத்த சிரிப்பு.

இதன் தொடர்ச்சியாகச் ‘சொன்னபடி செய்’ என்று ஒரு வகை. திரையில் ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, சில பந்துகள். ஒரு வரி வருகிறது: ‘சிவப்புப் பந்தைப் பெட்டிக்குப் பின்னால் வை.’ ஒலி கிடையாது, அம்புக்குறி கிடையாது. குழந்தை படித்துவிட்டுப் பந்தை இழுத்து வைக்க வேண்டும். அடுத்தது, ‘நீலப் பந்தை நாற்காலியின் மேல் வை.’ பிறகு, ‘பெட்டிக்குள் இருக்கும் பந்தை எடுத்து நாற்காலிக்கு அடியில் வை.’ எல்லாம் சரியாக வைத்தபின் அறைக்குள் ஒரு நாய்க்குட்டி வருகிறது, அது எந்தப் பந்தை எடுக்கும் என்று ஒரு வரி சொல்கிறது. குழந்தை அதையும் படிக்கிறது. இந்த வகைப் பயிற்சியில் ஊகித்துத் தப்பிக்க வழி குறைவு. பந்து எங்கேயும் போகலாம் என்பதால், எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்ல அந்த வரியை விட்டால் வேறு துணை இல்லை.

கிளைக்கதைகளையும் பலர் விரும்புகிறார்கள். காட்டுப் பாதை இரண்டாகப் பிரிகிறது, எந்தப் பக்கம் போகலாம் என்று குழந்தை தேர்ந்தெடுக்கும் கதை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. தேர்வுகளைப் படமாகக் காட்டிவிட்டால் அழகான படத்தைத் தொட்டுவிட்டுக் குழந்தை போய்விடும். தேர்வுகள் வரிகளாகவே இருக்கட்டும்: ‘சத்தம் வந்த குகைக்குள் மெதுவாக நுழைந்தாள்’, ‘ஆற்றங்கரையில் தெரிந்த காலடித் தடங்களைப் பின்தொடர்ந்தாள்.’ எதைத் தேர்ந்தாலும் அதன் விளைவு அடுத்த பக்கத்தில் தெரிய வேண்டும். வழி எப்படியானாலும் கதை ஒன்றுதான் என்று தெரிந்தால் மறுமுறை படிக்க மாட்டார்கள். தயாரிப்பவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: மூன்று இடங்களில் இரண்டிரண்டாகப் பிரிந்தாலே எட்டு முடிவுகள் எழுத வேண்டிவரும். இடையில் கிளைகளை ஒன்றுசேர்த்துவிட்டு இரண்டு அல்லது மூன்று முடிவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்லைடு மென்பொருளில் இணைப்புப் பொத்தான் வைத்தாலே இதைச் செய்துவிடலாம்.

வரிகளைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் பயிற்சி எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். ‘அதனால்’, ‘ஆனால்’, ‘அதற்குள்’, ‘பிறகு’ போன்ற இணைப்புச் சொற்களே வரிசையைத் தீர்மானிக்கும்படி எழுதுங்கள். விதை, செடி, மரம் என்ற வரிசைக்கு எதையும் படிக்க வேண்டியதில்லை.

தொட்டால் என்ன நடக்க வேண்டும்?

இப்போது அசைவும் ஒலியும். இவற்றை முற்றாக ஒதுக்கச் சொல்பவன் இல்லை நான். ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. ட்சோஃபியா தகாச், எலைஸ் ஸ்வார்ட், ஆட்ரியானா பஸ் மூவரும் 2015இல் மின்கதைப் புத்தகங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கதையோடு ஒட்டிய அசைவு, இசை, ஒலி போன்றவை கதை புரிய உதவுகின்றன, தொட்டால் ஏதாவது நடக்கும் பொத்தான்களும் இடையில் வரும் விளையாட்டுகளும் கவனத்தைச் சிதறடிக்கின்றன என்று கண்டார்கள். 2021இல் ஃபுரேனஸ், குசிர்கோவா, பஸ் ஆகியோர் எட்டு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். காகிதப் புத்தகத்தை அப்படியே திரைக்கு மாற்றினால் காகிதமே மேல். ஆனால் கதையின் உள்ளடக்கத்தை வலுப்படுத்தும் வகையில் திரைக்கே உரிய வசதிகளைச் சேர்த்தால் திரை முந்துகிறது. உள்ளே அகராதி வைப்பது பற்றியும் அதில் ஒரு முடிவு உண்டு: சொல்வளம் கூடுகிறது, கதை புரிவதற்கு அது கைகொடுப்பதில்லை.

இதை ஒரு வரிக்குப் பொருத்திப் பார்ப்போம். ‘பூனை அடிமேல் அடி வைத்து நெருங்கியது.’ வரியைப் படித்துத் தொட்டதும் பூனை மிக மெதுவாக, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்கிறது. அடிமேல் அடி வைப்பது என்றால் என்ன என்று அந்த அசைவே சொல்லிவிடுகிறது. இது உதவும் அசைவு. அதே பக்கத்தின் மூலையில் ஒரு வண்ணத்துப்பூச்சி, தொட்டால் பறக்கிறது, மறுபடி தொட்டால் மறுபடி பறக்கிறது. கதையில் வண்ணத்துப்பூச்சியே கிடையாது. குழந்தை அங்கேயே நின்றுவிடும், பூனை மறந்துபோகும். அந்த வண்ணத்துப்பூச்சியை எடுத்துவிடுங்கள். எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். சொற்பொருள் காட்டும் வசதியைக் கதை முடிந்தபின் இரண்டாம் வாசிப்பில் திறந்துவிடலாம்.

கதையைப் படித்துக்காட்டும் ஒலியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பக்கம் திறந்தவுடனே குரல் ஒலிக்கக் கூடாது. எவன்ஸும் செயின்ட்-ஆபினும் 2005இல், பெரியவர் கதை படித்துக்காட்டும்போது சிறு குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். கண் பெரும்பாலும் படத்திலேயே இருந்தது, எழுத்தின் பக்கம் போனது மிகக் குறைவு. குரல் கிடைத்துவிட்டால் எழுத்து எதற்கு? ஆகவே முதலில் எழுத்து, பிறகு குழந்தையின் முயற்சி, அதன்பின் கேட்டால் மட்டும் குரல். அந்தக் குரலும் முழுப் பக்கத்தையும் ஒப்பிக்காமல், தொட்ட வரியை மட்டும் சொல் சொல்லாக ஒளியூட்டியபடி படிக்கட்டும். ‘பறந்துகொண்டிருந்தன’ போன்ற நீண்ட சொற்களை ‘பறந்து–கொண்டு–இருந்தன’ என்று பிரித்துக் காட்டிப் பிறகு சேர்த்துக் காட்ட வேண்டும். தமிழில் குழந்தைகள் மூச்சுமுட்டி நிற்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான். வரியின் முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இருபக்கமும் நேராகச் சீரமைக்கும் அமைப்பும் வேண்டாம், சொற்களுக்கிடையே தேவையற்ற பள்ளம் விழும்.

ஒலியைக் கொண்டு செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை, குழந்தையின் குரலையே பதிவுசெய்வது. ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதிய மறுவாசிப்பு முறை மிக எளிது. 50 முதல் 200 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை, தடையின்றி வரும்வரை திரும்பத் திரும்பப் படிக்கவைப்பது. ‘மறுபடி படி’ என்று சொன்னால் எந்தக் குழந்தையும் முகம் சுளிக்கும். ‘உன் குரலில் இந்தக் கதையைப் பதிவுசெய், அடுத்த வகுப்புத் தம்பி தங்கைகள் கேட்கப்போகிறார்கள்’ என்று சொன்னால் அதுவே ஐந்தாவது முறையும் தானாக அழித்துவிட்டுப் படிக்கும். கேட்கிறவர் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பது முக்கியம். இரண்டு பாத்திரங்கள் பேசும் பகுதியை இருவர் பிரித்துக்கொண்டு பதிவுசெய்தால் ஏற்ற இறக்கமும் தானே வந்து சேரும். பேச்சை அடையாளம் காணும் மென்பொருளை வைத்துத் தவறுக்குச் சிவப்புக் கோடு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல் விழுந்த குழந்தையின் ‘ச’வையும் ஒவ்வொரு வீட்டின் உச்சரிப்பையும் கருவி சரியாகப் புரிந்துகொள்ளும் என்று நம்பி ஒரு குழந்தையை ‘தவறு’ என்று சொல்லிவிடக் கூடாது.

நட்சத்திரம், கடிகாரம், தவறுக்கான ஒலி

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் செய்த ஆய்வு இன்றைக்கும் பொருந்துகிறது. வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு குழுவிடம் மட்டும் ‘வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் யாரும் சொல்லாதபோது தாமாக வரைய உட்கார்ந்த நேரம் அந்தக் குழுவுக்குத்தான் குறைந்திருந்தது. பரிசைப் பற்றி எதுவும் தெரியாமல் வரைந்த குழந்தைகளுக்கும், எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கும் அந்தக் குறைவு இல்லை. பக்கத்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று வைத்தால், பக்கத்தை வேகமாகத் தாண்டக் கற்றுக்கொடுக்கிறோம். கதையின் அடுத்த பகுதி என்ன ஆகும் என்ற ஆவலை மிஞ்சிய பரிசு இந்த வயதில் இல்லை. முன்னேற்றத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், படித்த கதைகளின் அட்டைகள் ஓர் அலமாரியில் சேர்வதுபோல் காட்டுங்கள். அதைத் தொட்டால் அந்தக் கதையை மறுபடி படிக்க முடிய வேண்டும்.

கடிகாரம் வேண்டவே வேண்டாம். டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், காகிதத்தோடு ஒப்பிடும்போது திரையில் புரிதல் குறைவாக இருந்தது, நேர நெருக்கடி இருந்தபோது அந்த இடைவெளி அதிகமாக இருந்தது. அவர்கள் பார்த்தவற்றில் பெரியவர்கள் பற்றிய ஆய்வுகளும் நிறைய உண்டு. பெரியவர்களுக்கே அப்படியென்றால், எழுத்து கூட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எதற்கு அந்த நெருக்கடி?

தவறான விடைக்கு ‘டொய்ங்’ என்று வேடிக்கையான ஒலி வைக்காதீர்கள். அந்த ஒலியைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று தவறாகத் தொடுவார்கள். அதற்காக அச்சமூட்டும் ஒலியும் கூடாது. தவறாகத் தொட்டால் எதுவும் ஒலிக்காமல், வரியில் அந்த விடையைத் தீர்மானிக்கும் சொல் மட்டும் மெல்ல ஒளிரட்டும். ‘இங்கே மறுபடி பார்’ என்று சொல்வதற்கு அது போதும். இரண்டாம் முறையும் தடுமாறினால் அந்தச் சொல் பகுதிகளாகப் பிரியட்டும். மூன்றாம் முறை குரல் அந்தச் சொல்லைப் படிக்கட்டும். அதற்கும் பிறகு விடையைக் காட்டிவிட்டு, வரியை ஒருமுறை முழுதாகப் படிக்கவைத்து நகரலாம். ஒவ்வொரு படியிலும் கண் எழுத்துக்குத் திரும்புகிறது பாருங்கள்.

உதவி அவசரப்பட்டு வந்துவிடவும் கூடாது. மேரி பட் ரோ 1974இல், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிகளாக்கினாலே குழந்தைகளின் விடைகள் நீள்கின்றன, ஆழமாகின்றன என்று எழுதினார். மனிதர்களிடம் உள்ள அந்த அவசரத்தைத் திரைக்கும் கற்றுக்கொடுத்துவிட வேண்டாம். உதவி தேவையென்றால் குழந்தை தானே கேட்கும்படி ஒரு பொத்தான் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

பனுவலும் பக்கத்தில் இருப்பவரும்

எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும் கதை சுவையற்றதாக இருந்தால் பயனில்லை. எழுத்தைக் கற்பிப்பதற்காகவே எழுதப்பட்ட வறண்ட வரிகளைக் குழந்தைகள் உடனே இனம்கண்டுகொள்வார்கள். ஐந்து வரியில்கூடக் கதை இருக்கலாம்: ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்கத் தடை ஒன்று, பிறகு எதிர்பாராத ஒரு திருப்பம். சொந்தமாக எழுத நேரமில்லாதவர்கள் குழந்தைகள் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தைப் பாருங்கள். தமிழிலும் கதைகள் உண்டு, வாசிப்பு நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு உங்கள் பயிற்சியில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் நம் மொழியில் உள்ள தொலைவையும் மறக்கக் கூடாது. ‘வந்துச்சு’ என்று பேசும் குழந்தை ‘வந்தது’ என்று படிக்க வேண்டியிருக்கிறது. கதை சொல்லும் பகுதி எழுத்து நடையில் இருக்கட்டும், பாத்திரங்கள் பேசும் பகுதியைப் பேச்சு நடையில் எழுதுங்கள். ‘“எங்க போற?” என்று கேட்டது எலி.’ தன் வாயில் புழங்கும் சொல்லைத் திரையில் எழுத்தாகப் பார்க்கும்போது குழந்தை இரட்டிப்பு ஆர்வத்தோடு படிக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் ‘என்று கேட்டது’ என்பதும் அதோடு பழகிவிடுகிறது. படங்களோடு குழந்தைகளே ஒரு வரி எழுதிச் சிறு மின்புத்தகம் செய்யும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும். அவர்கள் எழுதியதை அவர்கள் எழுதியபடியே முதலில் விடுங்கள். திருத்தத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. ஜூலியா பாரிஷ்-மோரிஸும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியும் பொத்தானும் உள்ள மின்புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்த பெற்றோர் கதையைப் பற்றிப் பேசியது குறைவு, ‘அதைத் தொடாதே’, ‘இதை அழுத்து’ என்று பேசியது அதிகம். கருவி எவ்வளவு சத்தம் போடுகிறதோ அவ்வளவுக்குக் கதைப் பேச்சு குறைகிறது. ஆகவே பேச்சுக்கான இடத்தையும் பயிற்சிக்குள்ளேயே வையுங்கள். கதையின் நடுவில் ஒரு பக்கம் முழுவதும் வெறுமையாக, ஒரே ஒரு வரி: ‘எலி இப்போது என்ன செய்யும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்.’ விடையை எங்கும் பதிவுசெய்ய வேண்டாம், சரியா தவறா என்று சொல்லவும் வேண்டாம். 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய உரையாடல் வாசிப்பு முறையின் உயிர்நாடியே இதுதான்: பெரியவர் கேட்கிறார், குழந்தை சொல்கிறது, பெரியவர் அதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்கிறார், கதை சொல்பவராகக் குழந்தை மெல்ல மாறுகிறது. ஒரு கருவிக்கு இரண்டு குழந்தைகள் என்று உட்காரவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒருவர் படிக்க, மற்றவர் தொட வேண்டும் என்று விதி வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொள்ளட்டும். தொடுபவர் படிப்பவரைக் கேட்டே ஆக வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு பயிற்சி பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிவது இந்த வயதுக்குப் போதும் என்பது என் எண்ணம். அதற்குமேல் போனால் விரல் மட்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். இன்னும் சிறியவர்கள் இருந்தால், இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்திருப்பதை நினைவில் வையுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஏற்கெனவே உங்களிடம் உள்ளவற்றில் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விடையைக் காட்டிக்கொடுக்கும் படத்தை நீக்குங்கள், விடைகளை ஒரு சொல்லில் மட்டும் வேறுபடும்படி மாற்றுங்கள், கடிகாரத்தையும் தானாக ஒலிக்கும் குரலையும் அணைத்துவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பக்கம் திறந்ததும் விரல் முதலில் எங்கே போகிறது, உதடு எந்த இடத்தில் அசைகிறது, எந்தச் சொல்லில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கருவியைக் கையில் கொடுக்காமல், அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல வராத இடம் எதுவோ, அந்தப் பக்கத்தைத் திருத்துவதிலிருந்து அடுத்த வேலையைத் தொடங்கலாம்.